ஹாலிவுட்டில் லத்தீனோக்கள் எங்கே? நடிகர் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில்

'கோகோ' அனிமேஷன் படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் சிச்சரோன் என்று ஒரு எலும்புக்கூடு தாத்தா வருவார். ஊஞ்சல் படுக்கையில் சாய்ந்தபடி, ஒரு பழைய பாட்டைக் கேட்டுக்கொண்டே மெல்ல மறைந்துபோவார். உயிரோடு இருப்பவர்களில் ஒருத்தருக்குக்கூட அவரை நினைவில்லை, அதனால்தான் மறைகிறார். படத்தில் சில நிமிடங்களே வரும் பாத்திரம். ஆனால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்தத் தாத்தாவுக்குக் குரல் கொடுத்தவர்தான் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ். மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க நடிகர். 1947-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர், எம்மி விருது வாங்கியவர், ஐ.நா. சபையில் பேசியவர், போராட்டத்துக்காகச் சிறைக்கும் போனவர். 'நம்ம ஆளுங்க கதை திரையில் இல்லைன்னா, நம்ம பிள்ளைங்க தங்களையே யாருன்னு நினைப்பாங்க?' என்பதுதான் பல ஆண்டுகளாக இவர் பேசிவரும் விஷயத்தின் சாரம்.

யார் இந்த ஓல்மோஸ்? அவர் நடிப்பையும் படிப்பையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறார்? பார்க்கலாம்.

லத்தீனோ என்றால் யார்?

செய்திகளில் லத்தீனோ, ஹிஸ்பானிக், சிக்கானோ என்று மூன்று வார்த்தைகள் மாறி மாறி வரும். மூன்றும் ஒன்றல்ல.

ஹிஸ்பானிக் என்பது மொழியை வைத்துச் சொல்வது. ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள், அவர்களின் வாரிசுகள். லத்தீனோ என்பது இடத்தை வைத்துச் சொல்வது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர் உள்ளவர்கள். அதனால் போர்ச்சுக்கீசியம் பேசும் பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், ஆனால் வழக்கமாக அவரை லத்தீனோ என்பதில்லை. சிக்கானோ என்பது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள், குறிப்பாக 1960-களின் உரிமைப் போராட்டக் காலத்தில், தங்களைப் பெருமையோடு அழைத்துக்கொண்ட பெயர்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ மக்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் 18.7 சதவீதம். ஹாலிவுட் இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இவர்கள்தான். ஆனால் அதே ஊரில் தயாராகும் பெரிய படங்களில் வசனம் பேசும் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தால், லத்தீனோக்கள் சுமார் 5 சதவீதம்தான். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் ஒவ்வொரு படமாக எண்ணிச் சொன்ன கணக்கு இது.

அதே நேரத்தில் தியேட்டரில் டிக்கெட் வாங்குபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இவர்கள் என்று திரைத்துறையின் சொந்தக் கணக்குகளே சொல்கின்றன. காசு கொடுப்பதில் நான்கில் ஒருவர், திரையில் தெரிவதில் இருபதில் ஒருவர். ஓல்மோஸின் கோபத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களே போதும்.

பேஸ்பால், பாட்டு, அப்புறம் நாடகம்

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி. உழைக்கும் மக்கள் வாழும் இடம். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, பையன் ஒதுங்கிய இடம் பேஸ்பால் மைதானம். ஒவ்வொரு நாளும் பயிற்சி. பிடித்த வேலையை, செய்ய மனசு வராத நாளிலும் செய்வதுதான் ஒழுங்கு என்று தனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த விளையாட்டுதான் என்பதை மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் சொல்வார்.

பிறகு இசை. 'பசிபிக் ஓஷன்' என்று ஒரு ராக் இசைக்குழு வைத்துப் பாடினார். பகலில் படிப்பு, இரவில் பாட்டு. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் சமூகவியல் படித்தார். இந்தக் கல்லூரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு கதையிலும் இது வரப்போகிறது. நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்த காலத்தில், வயிற்றுப்பாட்டுக்கு மேசை, நாற்காலி டெலிவரி செய்யும் வேலை.

திருப்பம் 1978-ல் வந்தது. லூயிஸ் வால்டெஸ் எழுதி இயக்கிய 'ஜூட் சூட்' என்ற நாடகம். 1942-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒரு கொலை வழக்கில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களை மொத்தமாகக் குற்றவாளிகள் ஆக்கியதையும், அடுத்த வருடம் ராணுவ வீரர்கள் தெருவில் இறங்கி அந்தச் சமூக இளைஞர்களைத் தாக்கியதையும் சொல்லும் கதை. தொளதொள பேண்ட், நீளக் கோட், சங்கிலி. அந்தக் கால இளைஞர்களின் அந்த ஸ்டைலுக்குத்தான் 'ஜூட் சூட்' என்று பெயர். அந்த உடையில் கதை முழுக்க வந்து கேலியாகப் பேசும் 'எல் பச்சூக்கோ' பாத்திரம் ஓல்மோஸுக்கு.

லாஸ் ஏஞ்சலிஸில் நாடகம் சக்கைப்போடு போட்டது. 1979-ல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. சிக்கானோ எழுத்தாளர் ஒருவரின் நாடகம் பிராட்வே ஏறியது அதுதான் முதல் முறை. ஆனால் அங்கே விமர்சகர்கள் கைவிரித்தார்கள், சீக்கிரமே மூடப்பட்டது. ஒரே நாடகம்தான். ஒரு ஊரில் கூட்டம் தாங்கவில்லை, இன்னொரு ஊரில் ஆளே இல்லை. அது யாருடைய கதை என்று தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் இன்னொரு பக்கம். ஓல்மோஸுக்கு மட்டும் டோனி விருதுப் பரிந்துரை கிடைத்தது.

ஒரு பெண் குதிரையால் வந்த வினை

இவருடைய படங்களில் நம் வாசகர்கள் அதிகம் கேள்விப்படாத ஒன்று 'தி பாலட் ஆஃப் கிரெகோரியோ கோர்ட்டெஸ்'. 1982-ல் வந்தது. சொல்லியே ஆக வேண்டிய படம்.

1901, டெக்சஸ். குதிரைத் திருடனைத் தேடி வந்த ஷெரிஃப், கோர்ட்டெஸ் என்ற விவசாயியின் வீட்டுக்குப் போகிறார். கூட வந்தவர்தான் மொழிபெயர்ப்பாளர். அவருக்கோ ஸ்பானிஷ் அரைகுறை. 'குதிரை வாங்கினாயா?' என்று கேட்கும்போது ஆண் குதிரைக்கான வார்த்தையைச் சொல்கிறார். ஸ்பானிஷில் ஆண் குதிரைக்கு ஒரு சொல், பெண் குதிரைக்கு வேறு சொல். கோர்ட்டெஸ் வாங்கியது பெண் குதிரை. அதனால் 'இல்லை' என்கிறார். பொய் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சு முற்றித் துப்பாக்கி வெடிக்கிறது. கோர்ட்டெஸின் சகோதரர் சுடப்படுகிறார், ஷெரிஃப் சாகிறார். அதற்குப் பிறகு நடந்தது பெரிய மனித வேட்டை.

படத்தில் கோர்ட்டெஸாக நடித்த ஓல்மோஸ் பேசுவது எல்லாம் ஸ்பானிஷ். கீழே ஆங்கில சப்டைட்டில் கிடையாது! வேண்டுமென்றே போடவில்லை. ஸ்பானிஷ் தெரியாத பார்வையாளர், அந்த ஷெரிஃப் மாதிரியே தவிக்க வேண்டும். விசாரணையின்போது 'ஆண் குதிரையா, பெண் குதிரையா' என்று விளக்கப்படும் இடத்தில்தான் விஷயம் புரியும். ஒரு சமூகத்தைப் பற்றித் தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் சினிமாவில் கிடைப்பது கஷ்டம்.

ஓல்மோஸ் இந்தப் படத்தோடு விடவில்லை. பள்ளிகளுக்கும் சமூகக் கூடங்களுக்கும் எடுத்துப்போய்த் திரையிட்டார். 2022-ல் இந்தப் படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நாற்பது வருஷம் ஆனது அதற்கு.

'பிளேட் ரன்னர்' முதல் 'மயாமி வைஸ்' வரை

அதே 1982-ல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்தில் காகிதத்தில் உருவங்கள் மடிக்கும் போலீஸ்காரர் காஃப் இவர்தான். அந்தப் பாத்திரம் பேசும் கலவை மொழியை ஓல்மோஸே தேடித் தேடிச் சேர்த்தார். ஹங்கேரியன், ஜெர்மன், ஜப்பானியம், ஸ்பானிஷ் எல்லாம் அதில் உண்டு. எதிர்கால லாஸ் ஏஞ்சலிஸின் தெருவில் எல்லா ஊர்க்காரர்களின் சொற்களும் கலந்திருக்கும் என்பது அவரது கணக்கு.

'மயாமி வைஸ்' தொலைக்காட்சித் தொடரில் லெப்டினன்ட் காஸ்டியோ வேடம் வந்தபோது, உடனே தலையாட்டவில்லை. பலமுறை மறுத்தார். தொடரில் நடிக்கும்போதே வேறு படங்களும் செய்யலாம், தன் பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தனக்கே முடிவு என்ற இரண்டையும் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்து. கத்தாத, கை வீசாத, கண்ணாலேயே அடக்கும் அதிகாரி. அதற்காக 1985-ல் எம்மி விருது.

பணம் தேவைப்படும் நிலையில் இருக்கும் நடிகர் பெரிய தொடரை மறுப்பது லேசான காரியமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் லத்தீனோ நடிகருக்கு என்னென்ன வேடங்கள் வந்தன என்று பார்த்தால் காரணம் புரியும். ரவுடி, போதைப்பொருள் கடத்துபவன், வேலைக்காரன், தோட்டக்காரன். கொஞ்சம் பெரிய வேடம் என்றால் வேறு யாருக்காவது போய்விடும். 1958-ல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் மெக்சிகோ அதிகாரியாக நடித்தவர், முகத்தில் கறுப்புப் பூசிய சார்ல்டன் ஹெஸ்டன். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் புவேர்ட்டோ ரிக்கோ பெண்ணான நாயகி வேடம் நடாலி உட்டுக்கு. நிஜமாகவே புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரேனோவுக்குத் துணை வேடம், அவரது முகத்திலும் அடர் மேக்கப்! அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய பிறகும் அதே மாதிரி கேங் படங்கள்தான் தேடி வந்தன, அதனால் ஏழு வருஷம் சினிமா பக்கமே போகவில்லை என்று மொரேனோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கணக்கு வாத்தியார் வேடம், ஆஸ்கர் வரை

இப்போது அந்தக் கல்லூரிக் கதைக்கு வரலாம்.

ஹைமே எஸ்கலான்டே. பொலிவியாவில் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். 1960-களில் அமெரிக்கா வந்தார். அவருடைய பட்டம் அங்கே செல்லவில்லை. ஹோட்டலில் எடுபிடி வேலை பார்த்து, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, ஆங்கிலம் கற்று, மறுபடியும் முதலிலிருந்து கல்லூரிப் படிப்பு படித்து, 1974-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் ஏழை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைகள். 'இவங்களுக்குக் கூட்டல் கழித்தல் வந்தாலே பெரிசு' என்ற மனநிலை ஊறிப்போன பள்ளி.

அந்தப் பிள்ளைகளுக்கு அவர் நுண்கணிதம் கற்பித்தார். கால்குலஸ். கல்லூரி அளவிலான, தேசிய அளவில் நடக்கும் ஏ.பி. தேர்வுக்குத் தயார் செய்தார். 1982-ல் 18 பேர் எழுதினார்கள். 18 பேரும் பாஸ்.

அங்கேதான் சிக்கல். தேர்வு நடத்திய அமைப்பு 14 பேரின் விடைத்தாள்கள் மேல் சந்தேகம் எழுப்பியது. ஒரே மாதிரி தவறு செய்திருக்கிறார்கள், காப்பி அடித்திருக்கலாம் என்றது. பணக்காரப் பள்ளியாக இருந்தால் இப்படிக் கேட்டிருப்பார்களா என்று கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கொதித்தது. 14 பேரில் 12 பேர் மறுபடி தேர்வு எழுதச் சம்மதித்தார்கள். படித்து மாதங்கள் ஆகிவிட்டன, தயாராகக் கிடைத்ததோ சொற்ப நேரம். 12 பேரும் மறுபடி பாஸ்!

இந்தக் கதைதான் 1988-ல் வந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்'. இயக்கியவர் கியூபாவில் பிறந்த ரமோன் மெனெண்டெஸ். எஸ்கலான்டேவாக ஓல்மோஸ். வேடத்துக்காக உடல் எடையைக் கூட்டினார், முன்நெற்றி முடியை மெலிதாக்கினார், எஸ்கலான்டேயோடு நாட்கணக்கில் கூடவே இருந்து அவரது நடையையும் பேச்சையும் படித்தார். ஆஸ்கரில் சிறந்த நடிகருக்கான பரிந்துரை கிடைத்தது. அமெரிக்காவிலேயே பிறந்த ஹிஸ்பானிக் நடிகர் ஒருவர் இந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது இதுவே முதல் முறை என்று சொல்லப்படுகிறது. இவருக்கு முன் விருது வாங்கிய ஹோசே ஃபெரர் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர், பரிந்துரை பெற்ற அந்தோணி குயின் மெக்சிகோவில் பிறந்தவர். (புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப் பகுதிதான், அங்கே பிறப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான். ஆனால் அது மாநிலம் கிடையாது. இந்த 'முதல்' கணக்குகள் எல்லாம் இப்படித்தான், எந்த வரையறையை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.) அந்த வருட விருது 'ரெய்ன் மேன்' படத்துக்காக டஸ்டின் ஹாஃப்மேனுக்குப் போனது.

படம் சொல்லாமல் விட்டது என்ன?

'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' பார்த்தால் ஒரு எண்ணம் வரும். நல்ல வாத்தியார் ஒருவர் வந்தார், ஆர்வத்தைத் தூண்டினார், பின்னம் தெரியாத பிள்ளைகள் ஓரிரு வருஷத்தில் கால்குலஸ் போட்டார்கள். எஸ்கலான்டேவின் தாரக மந்திரமாகப் படத்தில் வரும் ஸ்பானிஷ் சொல் 'கானாஸ்'. உள்ளுக்குள் இருக்கும் வேட்கை, வெறி என்று சொல்லலாம். அது இருந்தால் எல்லாம் வரும் என்பது செய்தி.

நிஜம் வேறு. படத்தில் 90 சதவீதம் உண்மை, 10 சதவீதம் டிராமா என்று எஸ்கலான்டேவே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்த 10 சதவீதம் சாதாரணமானதில்லை. 1974-ல் சேர்ந்தவருக்கு 1982 வெற்றி வர எட்டு வருஷம் பிடித்தது. முதல் கால்குலஸ் வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மாணவர்கள். கீழ் வகுப்புகளிலிருந்தே இயற்கணிதம், முக்கோணவியல் என்று அடித்தளத்தைப் போட்டார். அருகில் இருந்த நடுநிலைப் பள்ளிகளோடு பேசினார். கோடை விடுமுறையில் தீவிர வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்தார். அந்த வகுப்புகள் நடந்த இடம் எது தெரியுமா? ஓல்மோஸ் படித்த அதே கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரி. பள்ளியின் முதல்வர் ஹென்றி கிரடில்லாஸும் பக்கபலமாக இருந்தார்.

அதனால்தான் 1987-ல் 73 மாணவர்கள் அந்தத் தேர்வில் தேறினார்கள், கூடுதல் கடினமான தாளில் இன்னும் 12 பேர். பிறகு முதல்வர் மாறினார். வகுப்பில் மாணவர்களைக் கூடுதலாகச் சேர்ப்பது பற்றி ஆசிரியர் சங்கத்தோடு உரசல். 1991-ல் எஸ்கலான்டே அந்தப் பள்ளியை விட்டே போய்விட்டார். அதன் பிறகு கார்ஃபீல்டில் தேர்ச்சி எண்ணிக்கை இறங்கியது. 'ஹீரோ' போனதால் இறங்கியது என்று சொல்வது சுலபம். அவர் கட்டிய அமைப்பைப் பாதுகாக்க யாரும் இல்லாததால் இறங்கியது என்பதே சரி. சினிமாவுக்கு ஒரு ஹீரோ போதும், பள்ளிக்கூடத்துக்குப் போதாது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 1998-ல் கலிஃபோர்னியாவில் இருமொழிக் கல்வியைப் பெருமளவு நிறுத்தி, ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்ற 227-வது முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு ஆதரவாக நின்ற முக்கியமான முகம் எஸ்கலான்டே! லத்தீனோ சமூகத்தில் பலருக்கு அது அதிர்ச்சி. ஸ்பானிஷில் கற்பித்தால் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்பது அவர் வாதம். மொழியைப் பறித்தால் பிள்ளையே தொலைந்துபோகும் என்பது எதிர்த்தரப்பு. லத்தீனோ என்றால் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று யாராவது சொன்னால் இந்த விஷயத்தைக் காட்டலாம்.

2010-ல் எஸ்கலான்டே புற்றுநோயோடு போராடியபோது, சிகிச்சைச் செலவுக்கு நிதி திரட்ட முன்னால் நின்றவர் ஓல்மோஸ். பழைய மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மார்ச்சில் எஸ்கலான்டே காலமானார்.

வகுப்பை விட்டு வெளியேறிய மாணவர்கள்

ஓல்மோஸ் இயக்கிய 'வாக்அவுட்' 2006-ல் எச்.பி.ஓ.வில் வந்தது. 1968 மார்ச்சில் நடந்த உண்மைச் சம்பவம். கார்ஃபீல்ட், லிங்கன், ரூஸ்வெல்ட் உள்ளிட்ட பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை, பாடப்புத்தகத்தில் தங்கள் வரலாறு இல்லை, கல்லூரிக்கு அனுப்பாமல் தொழிற்பயிற்சிக்கே தள்ளுகிறார்கள் என்பவை புகார்கள். துணை நின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ உட்பட 13 பேர் மேல் சதி வழக்கு போட்டார்கள். அந்த வழக்கு பின்னர் நிற்கவில்லை.

அந்த 13 பேரில் ஒரு மாணவர் மொக்டெசூமா எஸ்பார்சா. பின்னாளில் சினிமா தயாரிப்பாளர் ஆனார். முன்னால் பார்த்த கிரெகோரியோ கோர்ட்டெஸ் படம், ஓல்மோஸ் பாடகியின் அப்பாவாக நடித்த 'செலினா', இந்த 'வாக்அவுட்' எல்லாவற்றுக்கும் பின்னால் அவர் இருக்கிறார். எங்கள் வரலாறு பாடத்தில் இல்லை என்று கத்திய பையனே வளர்ந்து அதைப் படமாக எடுத்தான்!

'செலினா'வில் ஒரு காட்சி இன்றும் சமூக வலைதளங்களில் சுற்றும். மெக்சிகோகாரர்களிடம் அவர்களைவிட மெக்சிகனாகவும், அமெரிக்கர்களிடம் அவர்களைவிட அமெரிக்கனாகவும் இருந்து காட்ட வேண்டியிருக்கிறது, சலித்துப்போகிறது என்று காரில் போகும்போது அப்பா புலம்புவார். எழுதியது வேறொருவர். ஆனால் ஓல்மோஸ் பேசும்போது அது வசனமாகவே தெரியாது.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. 1992-ல் அவரே இயக்கி நடித்த 'அமெரிக்கன் மீ', சிறைக்குள் இயங்கும் மெக்சிகன் மாஃபியா பற்றிய படம். நிஜமான ஃபோல்சம் சிறைக்குள்ளேயே எடுத்தார். கேங் வாழ்க்கையின் கவர்ச்சியை உடைத்து, பிள்ளைகளைப் பயமுறுத்தி விலக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் 'ரவுடி வேடம்தான் வருதுன்னு சொல்லிட்டு நீங்களே ரவுடி படம் எடுக்கலாமா?' என்ற கேள்வி அவர் சமூகத்துக்குள்ளிருந்தே வந்தது. நியாயமான கேள்விதான். விளைவு அதோடு நிற்கவில்லை. படத்துக்கு ஆலோசகராக இருந்த ஒருவர், படம் வெளியான சில வாரங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓல்மோஸுக்கும் மிரட்டல் இருந்ததாகச் செய்திகள் வந்தன.

'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரில் (2004 முதல் 2009 வரை) விண்கப்பல் தளபதி அடாமா வேடம். லத்தீனோ என்ற அடையாளமே தேவைப்படாத தலைமைப் பாத்திரம். இதுதான் உண்மையான முன்னேற்றம் என்று பலர் கொண்டாடினார்கள். ஒரு சின்ன விஷயம்: மகனாக நடித்த ஆங்கில நடிகரின் கண்கள் நீலம், அதற்குப் பொருந்த ஓல்மோஸ் நீல லென்ஸ் போட்டுக்கொண்டார்.

அந்தத் தொடரை முன்வைத்து 2009 மார்ச்சில் ஐ.நா. தலைமையகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பள்ளி மாணவர்களும் வந்திருந்தார்கள். பேச்சில் 'இனங்கள்' என்ற வார்த்தை பன்மையில் அடிபட, ஓல்மோஸ் கொதித்துவிட்டார். இருப்பது ஒரே இனம், மனித இனம். பண்பாட்டைப் பிரித்துச் சொல்ல 'இனம்' என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதை நாம் நிறுத்தவே இல்லை என்பது அவர் பேச்சின் சுருக்கம். கடைசியில் தொடரில் வரும் முழக்கத்தை அவர் சொல்ல, ஐ.நா. அரங்கமே திருப்பிச் சொன்னது.

இங்கே ஒரு முரண் தெரிகிறதா? எல்லோரும் ஒரே இனம் என்கிறார். அதே நேரம் லத்தீனோக்களுக்கு இடம் எங்கே என்றும் கேட்கிறார். அவர் பார்வையில் இரண்டும் மோதவில்லை. பண்பாடு வேறு, இனம் வேறு. பண்பாடுகள் பல, எல்லாவற்றின் கதையும் வேண்டும். அதை ரத்தத்தோடு முடிச்சுப் போடும்போதுதான் ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்றாகிறது.

பேச்சோடு நிறுத்தினாரா?

இல்லை. 1997-ல் சிலரோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸ் லத்தீனோ சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடங்கினார். அதே வருடம் வாசிப்பை வளர்க்க 'லத்தீனோ லிட்டரசி நௌ' அமைப்பு. அந்த அமைப்பு நடத்தும் புத்தகத் திருவிழா குடும்பத்தோடு வரச் சொல்லும் திருவிழா. 1998-ல் பொதுத் தொலைக்காட்சிக்கு லத்தீனோ நிகழ்ச்சிகள் தயாரிக்க நிதி தரும் அமைப்பு ஒன்றையும் இணைந்து தொடங்கினார். 2001-ல் புவேர்ட்டோ ரிக்கோவின் வியெகெஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை குண்டு வீசிப் பயிற்சி செய்வதை எதிர்த்துத் தடையை மீறி நுழைந்தார், 20 நாள் சிறைத் தண்டனை. 2003-ல் கடற்படை அங்கே பயிற்சியை நிறுத்தியது.

இவற்றில் முக்கியமானது 'யூத் சினிமா ப்ராஜெக்ட்' என்றே தோன்றுகிறது. திரைப்படத் தொழிலில் இருப்பவர்கள் பொதுப் பள்ளி வகுப்பறைக்கு வருவார்கள். நான்காம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் கதை எழுதி, அதை வகுப்பில் சொல்லி, எதைப் படமாக்கலாம் என்று கூடி முடிவெடுத்து, கேமராவைப் பிடித்து, குறும்படம் எடுத்துத் திரையிட வேண்டும். நடிகர் ஆக்குவது நோக்கமில்லை. எழுத, பேச, சேர்ந்து வேலை செய்ய வர வேண்டும்.

இதன் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2021-ல் தந்த அறிக்கைப்படி, 2019-ல் ஊடகத் துறை ஊழியர்களில் ஹிஸ்பானிக் மக்கள் சுமார் 12 சதவீதம், மற்றத் துறைகளில் 18 சதவீதம். திரையில் யார் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் அறைக்குள் ஆள் இல்லை என்றால், திரையிலும் இருக்காது. அந்த அறைக்குள் போக எழுதத் தெரிந்த, எடிட்டிங் தெரிந்த, பட்ஜெட் போடத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். ஓல்மோஸ் நடிப்பைப் பற்றிக் கேட்டாலும் படிப்பில் போய் நிற்பது அதனால்தான்.

தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டதை 2023-ல் வெளியே சொன்னார் ஓல்மோஸ். குரலே போய்விடுமோ என்ற நிலை. அதிலிருந்து மீண்டு வந்தார். 'மயான்ஸ் எம்.சி.' தொடரின் கடைசி சீசனும் அந்த வருடமே ஒளிபரப்பானது. அதில் இறைச்சிக் கடை நடத்தும் அப்பா ஃபெலிப்பே ரேயஸ் வேடம் அவருக்கு. அவரை முதல்முறை பார்க்க நினைப்பவர்கள் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' படத்திலிருந்து தொடங்கலாம். கால்குலஸ் தெரிய வேண்டிய அவசியமில்லை.